கோவில்பட்டி கொண்டையராஜு: பட்டறையில் அவர் சொல்லிக்கொடுத்தது என்ன?

செங்காவி

சி. கொண்டையராஜுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே “காலண்டர் ஓவியர்” என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். அவர் ஆசிரியராக இருந்த பக்கத்தைப் பேசத்தான் இந்த இழை.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாக: 1898ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து ரமணரை வரைந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரைபவராக ஊர் ஊராகச் சுற்றினார். 1942ல் கோவில்பட்டி வந்தபோது கம்பெனி கலைந்தது. அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அங்குதான் உருவானது. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், சீனிவாசன், செண்பகராமன் என்று ஒரு மாணவர் வரிசையே அவருக்குப் பின்னால் வந்தது. 1976ல் காலமானார்.

கல்லூரி இல்லை, பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. அப்படியிருந்தும் ஒரு சிறு ஊரில் இருந்து, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ஒரு வரைமுறை எப்படிக் கிளம்பியது? தெரிந்தவர்கள் தொழில் நுணுக்கத்தோடு எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம்.

அடவு

சிவகாசி அச்சகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கத்தானே அவர் கோவில்பட்டிக்கு வந்தார்? பக்கத்திலேயே இருக்கிறது என்பதால்?

செங்காவி

இல்லை, அது பின்னால் வந்தது. அவரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தது நாடகக் கம்பெனி. தங்கிய பிறகு முதல் சோறு போட்டது திரைச்சீலையும் போட்டோ வேலையும்தான். காலண்டர் அதற்கு மேல் வந்து சேர்ந்தது. இந்த வரிசை முக்கியம். காலண்டர்ப் படத்தில் நாம் பார்க்கிற பல விஷயங்களுக்குக் காரணம் அதற்கு முந்தைய இரண்டு தொழில்களில் இருக்கிறது.

படுதா

செங்காவி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். நாடகச் சீன் எழுதுகிற, அதாவது மேடைத் திரைச்சீலை வரைகிற வேலை எப்படி நடக்கும் என்று தெரியாமல் கொண்டையராஜுவின் பின்னணிகளைப் புரிந்துகொள்ள முடியாது.

துணியை அகலத்துக்கு ஏற்ப மூட்டித் தைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். முதலில் வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சுகிற பசை) பூச்சு. காய்ந்த வச்சிரத்தை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும். வச்சிரம் ஒரு பங்கு என்றால் தண்ணீர் 10 முதல் 16 பங்கு வரை. அடிப்பூச்சுக்குக் கெட்டியாக, வண்ணத்தில் கலக்க நீர்த்து. வண்ணப் பொடியையும் சுண்ணத் தூளையும் தண்ணீரில் குழைத்து, வெதுவெதுப்பான பசையை ஊற்றிக் கலக்குவார்கள்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். பசை குறைந்தால், காய்ந்த வண்ணத்தை விரலால் தடவினாலே பொடியாக ஒட்டும். நாலு நாடகம் முடிவதற்குள் சீன் வெளிறிவிடும். பசை கூடினால் துணி விறைத்துப் பளபளக்கும். மூங்கிலில் சுருட்டும்போது மடிப்பு மடிப்பாக வெடித்து உதிரும். ஊர் ஊராகச் சுருட்டி ஏற்றிப் போகிற கம்பெனிக்கு இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். வெயில் காலத்தில் மீந்துபோன பசை இரண்டு மூன்று நாளில் நாறிவிடும். நாறிய பசை பிடிக்காது, புதிதாகத்தான் காய்ச்ச வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான சங்கதி, இந்த வண்ணம் ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்த பிறகு பல படி வெளுத்தும் இருக்கும். ஈரத்தில் கண்ணுக்குப் பிடித்தபடி போட்டால் மறுநாள் காலையில் முழுச் சீனும் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதனால் காகிதத் துண்டில் ஒரு கோடு இழுத்து அடுப்பருகே காட்டிக் காய்ந்த நிறத்தைப் பார்த்த பிறகே துணியில் கை வைப்பார்கள். போட்டதன் மேல் திரும்பத் திரும்பப் போடவும் முடியாது. மேல் பூச்சின் ஈரம் அடியில் இருப்பதைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே வீச்சு. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கை ஒருவனுக்கு வந்துவிட்டால், அவன் சிறிய அட்டையில் வரையும்போதும் தயங்கமாட்டான். கொண்டையராஜு படங்களில் தூண், மண்டபம், ஏரி, தூரத்து மலை எல்லாம் எவ்வளவு தெளிவான தட்டுத் தட்டாக விழுகின்றன என்று பாருங்கள். முன்தட்டு அடர்த்தியாக, பின்தட்டு நீலமாக வெளுத்து. மேடையில் பக்கத் தட்டிகளும் பின்படுதாவும் இருக்கிற அதே அமைப்பு.

கண்ணாடிச்சட்டம்

மேடை வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய நாடகக் கொட்டகைகளில் பெரும்பாலும் காஸ் விளக்கு. மஞ்சள் சாய்ந்த வெளிச்சத்தில் வெளிர் மஞ்சள் வெள்ளையோடு கலந்து காணாமல் போகும், நீலம் மங்கிக் கறுக்கும். அதனால் சீன் எழுதுகிறவர்கள் பகலில் பார்க்கக் கண்ணைப் பறிக்கிற அளவுக்கு நீலத்தையும் பச்சையையும் ஏற்றிப் போடுவார்கள். சிவகாசிப் படங்களின் “தூக்கலான” வண்ணத்துக்கு அச்சு மை மட்டும் காரணமில்லை, இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

தாளமானம்

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. திரைச்சீலை, போட்டோ என்று பேசிக்கொண்டே போனால் அடிப்படையான ரவி வர்மா விட்டுப்போகிறார். 1894ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எண்ணெய் வண்ணத்தின் சாயலில், உடல் திரட்சியோடு, பட்டுப் புடவையோடு தெய்வத்தை வரைகிற வாய்ப்பாடு அப்போதே தயார். கோவில்பட்டிக்காரர்கள் அதைத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

செங்காவி

வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டது உண்மை. இரு கையில் தாமரை, தாமரை மேல் நிற்கும் லட்சுமி – அந்தக் கட்டமைப்பை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ரவி வர்மாவின் சரஸ்வதி ஒரு பாறை மேல் உட்கார்ந்து வீணை மீட்டுகிறாள். பக்கத்தில் மயில். அந்த இடத்துக்கு ஒரு பொழுது உண்டு, ஒரு காற்று உண்டு. நீங்கள் தற்செயலாக அங்கே போய் அவளைப் பார்ப்பது போல. கொண்டையராஜுவின் தெய்வம் அப்படி இல்லை. உடல் நேர்முகமாக நிமிர்ந்திருக்கும், இரண்டு கண்ணும் உங்கள் மேல் இருக்கும், இரண்டு பாதமும் தெரியும். பின்னால் இருப்பது இடமல்ல, படுதா. பூசை அறையில் மாட்டுகிற படத்துக்குப் பார்வை ஒதுங்கக் கூடாது. தஞ்சாவூர்ப் படத்தில் இருந்த அந்த நேர்முகத்தை, ரவி வர்மாவிடமிருந்து வந்த திரட்சியோடு சேர்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கக் கூடியவை. சேர்ந்து நிற்க வைப்பதுதான் வித்தை.

தாளமானம்

அதை ஒப்புக்கொள்கிறேன். முரண்டு எங்கே என்று கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இன்று பழகுகிறவர்கள் சறுக்குவது அங்கேதான்.

சிற்ப அளவில் முகம் 12 அங்குலம், அதுதான் ஒரு தாளம். உருவத்தின் முழு உயரம் இத்தனை தாளம் என்று வகுப்பார்கள். உத்தம தச தாளம் 124 அங்குலம், மத்திம தச தாளம் 120, நவதாளம் 108. இங்கே அங்குலம் என்பது அடிக்கோலின் அங்குலம் அல்ல, அந்த உருவத்துக்குள் எடுக்கிற அளவு. அம்மன் உருவங்களுக்கு மத்திம தச தாளம் என்றால், முகத்தின் நீளத்தைப் போல் பத்து மடங்கு உயரம்.  ஓவியப் பள்ளியில் ஆளை நிறுத்திப் பழகிய கை இந்தக் கணக்கை விட்டு எதிரே நிற்கிற ஆளின் அளவுக்கே இழுக்கும். கிரீடத்தை வேறு தலையில் ஏற்றினால் உருவம் குட்டையாகி, நாடக வேஷம் போட்டவர் மாதிரி தெரியும்.

அதற்குப் பயந்து உயரத்தைக் கூட்டினால் வேறு சிக்கல். தசைத் திரட்சியும் நிழலும் மனித உடலுக்கு உரியவை. நீண்ட கையில் அதே நிழலைப் போட்டால் கை எலும்பாகத் தெரியும். கோவில்பட்டிப் படங்களில் முழங்கை, மணிக்கட்டு, கழுத்தெலும்பு எதுவும் துருத்தாது. மூட்டுகளைக் கரைத்துவிட்டு, நிழலை ஓரத்தில் மட்டும் மெல்லிசாக வைக்கிறார்கள். கை வழவழவென்று வாழைத்தண்டு போல இறங்கும். உடற்கூறு தெரியாமல் செய்தது என்று அதைக் குறை சொல்வது தவறு. ஓவியப் பள்ளியில் படித்தவர் அவர். தெரிந்தே விட்டது.

நெகட்டிவ்

அந்த ஓர நிழல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போட்டோ ஸ்டுடியோவின் டச்சிங் மேசையிலிருந்து வந்தது என்பேன். தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் படம் எழுதுவதும் போட்டோ வேலையும் சேர்ந்தே நடந்தன. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் மூன்று வேலைக்கு ஓவியன் கட்டாயம் வேண்டும்.

ஒன்று, ஆள் நிற்பதற்குப் பின்னால் தொங்கும் படுதா. மாடிப்படி, தூண், நந்தவனம். இது நாடகச் சீனின் குட்டி.

இரண்டு, நெகட்டிவ் டச்சிங். கண்ணாடித் தகட்டையோ பிலிமையோ சாய்மேசையில் பின்வெளிச்சத்தில் வைத்து, ஊசிமுனைப் பென்சிலால் முகத்தின் குழி, தழும்பு, கண்ணடிக் கருமையை நிரப்புவது. நெகட்டிவில் வெளிறித் தெரிகிற புள்ளி அச்சில் கறுப்பாக விழும் என்பதால், அங்கே பென்சிலால் அடர்த்தி ஏற்றினால் அச்சில் சமமாகிவிடும். பென்சில் பிடிக்க முதலில் மெல்லிய டச்சிங் வார்னிஷ் தடவ வேண்டும். கோடு கோடாக இழுத்தால் அச்சில் கீறலாக விழும். சின்னச் சின்னச் சுழியாக, கமா வடிவில் போட வேண்டும். அளவு மீறினால் முகம் மாவு பூசிய பொம்மை ஆகிவிடும். மூக்கின் பக்கவாட்டு நிழலைத் தொடவே கூடாது. அது போனால் ஆளின் சாயலே போய்விடும்.

மூன்று, கறுப்பு வெள்ளை அச்சுக்கு வண்ணம் ஏற்றுவது. பளபளப்பில்லாத தாளில் பிரிண்ட் போட்டு, முடிந்தால் முதலில் செம்பழுப்பு டோன் கொடுத்து, பஞ்சில் எடுத்த எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்துப் பரப்புவார்கள். கறுப்பு நிழலின் மேல் நேரடியாக ரோஜா நிறம் தேய்த்தால் தோல் அழுக்காகத் தெரியும். செம்பழுப்பு அடியில் இருந்தால் உயிரோடு தெரியும்.

இப்போது கொண்டையராஜுவின் லட்சுமி முகத்தைப் பாருங்கள். மூக்கின் ஒரு பக்கம் மெல்லிய நிழல், கன்னத்தில் சுழிச் சுழியாக மறைந்து போகும் செம்மை, நெற்றியில் தழும்பில்லாத ஒரே பரப்பு. டச்சிங் முடிந்து மேசையை விட்டு இறங்கிய கல்யாணப் போட்டோவின் முகம் அது. அதனால்தான் அந்த முகம் நம் வீட்டுப் பெண் மாதிரியும் இருக்கிறது, எந்த வீட்டுப் பெண்ணும் இல்லாத மாதிரியும் இருக்கிறது.

செங்காவி

நெகட்டிவ் சார், இதைவிடத் துல்லியமாக இதை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. இந்த இழையின் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. மாணவனுக்கு அவர் “ஓவியம்” என்று தனியாக ஒன்றைச் சொல்லித்தரவில்லை. மூன்று பிழைப்புகளைச் சொல்லித்தந்தார்: சீன், போட்டோ, சாமி படம். ஒன்றில் வேலை இல்லாத மாதம் இன்னொன்றில் அடுப்பெரியும். அந்த மூன்றும் ஒரே கையில் கலந்ததுதான் கோவில்பட்டிப் பாணி.

அடவு

பட்டறையில் கற்றுக்கொள்வது எந்த வரிசையில் நடக்கும்? பள்ளி மாதிரி வகுப்பு இருக்காது அல்லவா?

தாளமானம்

இந்த வகைப் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். புதிதாக வருகிறவனுக்கு முதலில் வண்ணம் அரைப்பது, தூரிகை கழுவுவது, அட்டை ஒட்டுவது. அப்புறம் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது. சிறிய மாதிரியில் அரை அங்குலக் கட்டம் என்றால் அட்டையில் இரண்டு அங்குலக் கட்டம், நாலு மடங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு விளிம்பை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் பார்த்துக் குறிப்பது. இதில் பொறுமை இல்லாதவன் கட்டத்துக்குள் இருப்பதை “ஞாபகத்தில்” வரைவான், முழங்காலுக்கு வரும்போது உருவம் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கும்.

திரும்பத் திரும்பத் தேவைப்படும் உருவத்துக்குத் துளைத்தாள். கோட்டின் மேல் ஊசியால் குத்தி, துணிப்பொட்டலத்தில் கரித்தூள் கட்டித் தட்டினால் புள்ளிக்கோடு இறங்கும். துளையைப் பின்பக்கம் லேசாகத் தேய்த்து எடுக்காவிட்டால், குத்தும்போது எழும்பிய காகித விளிம்பு துளையை மூடிக்கொண்டு தூள் இறங்காது.

அடுத்து பின்னணி, பிறகு துணி மடிப்பு, பிறகு நகை. முகமும் கையும் கடைசி. கண் எல்லாவற்றுக்கும் கடைசி. மாணவன் பெயரும் குருவின் பெயரும் சேர்ந்து வருகிற படங்கள் இருப்பதற்குக் காரணம் இந்த வேலைப் பங்கீடுதான். ஒரே படத்தில் எது யார் கை என்று பிரித்துப் பார்க்க நினைப்பது வீண். பட்டறையே அப்படிப் பிரியாமல் இருக்கத்தான் பழக்கப்படுத்துகிறது.

கல்லச்சு

நகையைப் பற்றி அச்சுப் பக்கத்திலிருந்து ஒன்று. அச்சுக்குப் போகிற அசல் படத்தில் தங்கப் பொடி வண்ணம் போடவே கூடாது. கண்ணுக்கு மின்னும், ஆனால் பிராசஸ் கேமராவின் (அச்சுத் தகடு செய்வதற்காக அசலைப் படமெடுக்கிற கேமரா) விளக்கை அது கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தள்ளிவிடுவதால் நெகட்டிவில் அழுக்குச் சாம்பலாக விழும். தங்கத்தைச் சாதா வண்ணத்தால் பொய்யாகக் கட்ட வேண்டும்.

கிரீடத்தின் ஒரு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு வட்டத்துக்கும் காவி மஞ்சள். கீழ் விளிம்பில் பிறைபோல அடர் பழுப்பு. அந்தப் பழுப்புக்கும் விளிம்புக்கும் நடுவே மயிரிழைபோல ஆரஞ்சு. பக்கத்து மணியிலிருந்து திரும்பி அடிக்கிற ஒளி அது. மேலே இடப்பக்கம் எலுமிச்சை மஞ்சள் ஒரு தொடுகை. அதன் நடுவில் வெள்ளை ஒரே ஒரு புள்ளி. ஐந்து தொடுகை. அந்த ஆரஞ்சை விட்டுவிட்டால் மணி தங்கமாகத் தெரியாது, மஞ்சள் களிமண்ணாகத் தெரியும். ஒரு பழனியாண்டவர் ராஜ அலங்காரத்தில் இப்படி எத்தனை மணி வரும் என்று எண்ணிப் பாருங்கள், பட்டறைக்கு மாணவர்கள் ஏன் தேவை என்று புரியும்.

திருத்துவதற்கு வேறு கம்பெனி வெள்ளையை எடுத்தாலும் ஆபத்து. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை, கேமராவுக்கு இரண்டும் வேறு. அச்சில் ஒட்டுப் போட்ட மாதிரி திட்டாக வரும்.

கண்ணாடிச்சட்டம்

அசல் படம் காலண்டர் அளவிலேயே இருக்குமா?

கல்லச்சு

இல்லை. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக வரைவதுதான் வழக்கம். சுருக்கும்போது தூரிகைத் தடம் இறுகி நேர்த்தி கூடும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்கிற வலைதான் ஸ்கிரீன். அங்குலத்துக்கு 133 வரி ஸ்கிரீனில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர். அதைவிட மெல்லிய கோடு அச்சில் விட்டுவிட்டுத் தெரியும். இரண்டு மடங்கு அசலில் 0.4 மில்லிமீட்டருக்குக் கீழே ஒரு இமை மயிரை இழுத்தால், அந்த உழைப்பு அச்சில் வராது. அச்சுக்கு வரைந்து பழகியவர்கள் இமையைத் தனித்தனி மயிராகப் போடமாட்டார்கள். ஒரே தடித்த வில்லாகப் போட்டு நுனியை மட்டும் கூராக்குவார்கள். அந்த “மை தீட்டிய” கண்ணின் அழகுக்குப் பாதிக் காரணம் ஸ்கிரீன்.

கண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரே நிறம் அடிக்கிற மெஷினில் தாள் நான்கு முறை போக வேண்டும்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. இடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும். 30 அங்குலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். புடவையில் முக்கால் மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. மூன்று மில்லிமீட்டர் கருவிழியில் கறுப்பு அவ்வளவு விலகினால் அம்மனுக்கு மாறுகண். சிவகாசியின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவியதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அச்சுக்கும் அது பெரிய உதவி.

அனுபவமுள்ள ஓவியர் இதற்கும் முன்னேற்பாடு செய்வார். கருவிழியைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு, உதட்டைச் சுற்றி அடர் சிவப்பு விளிம்பு. கொஞ்சம் விலகினாலும் அந்த விளிம்புக்குள் மறைந்துவிடும். ராமர், கிருஷ்ணர் நீல உடம்பு இன்னும் கடினம். அசலில் நீலத்தோடு துளி மஞ்சள் கலந்திருந்தாலும், மஞ்சள் மை கொஞ்சம் அதிகமாக ஓடினால் சாமி பச்சையாகிவிடும். நீலத்தை ஊதாப் பக்கம் சாய்த்து வைப்பது அந்தப் பயத்தில்தான்.

படுதா

கீழே கடைப்பெயருக்கு விடுகிற இடத்தை யாரும் சொல்லவில்லையே. படத்தை மொத்தமாக அச்சடித்து வைத்துவிட்டு, ஆர்டர் கொடுத்த கடையின் பெயரைப் பிறகு தனியாக அடிப்பார்கள். ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளிவரும், அதைப் பார்த்து வியாபாரிகள் எண் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள். ஆகவே ஓவியன் அதற்கு முன்பே படத்தை முடித்தாக வேண்டும். ஒரே லட்சுமி ஜவுளிக் கடைக்கும் போவாள், உரக் கடைக்கும் போவாள். எந்தக் கடைக்கும் பொருந்துகிற படம்தான் ஆல்பத்தில் நிற்கும். அருள் முகம், சாந்தம், நேர்ப் பார்வை என்பதற்குப் பக்திக் காரணத்தோடு இந்த வியாபாரக் காரணமும் இருக்கிறது.

அடவு

ஒரு ஒப்பீடு தோன்றுகிறது. சென்னை ஓவியப் பள்ளியிலேயே படித்து, 1957ல் அதன் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். மாணவர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைகளை விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். கொண்டையராஜு 1976ல் மறைந்தார், பணிக்கர் 1977ல். இருவரும் தீர்க்கப் பார்த்தது ஒரே சிக்கலைத்தானே? வரைகிறவன் எதைத் தின்று வரைவது?

செங்காவி

சிக்கல் ஒன்றுதான். தீர்வு நேர் எதிர். பணிக்கரிடம் கைவினை என்பது ஓவியனைச் சந்தையிலிருந்து காக்கிற வேலி. பாத்திக்கில் சம்பாதி, கித்தானில் உன் இஷ்டப்படி வரை. கொண்டையராஜுவிடம் வேலியே இல்லை, சம்பாதிக்கிற வேலைதான் வரைகிற வேலை. சோழமண்டலத்தில் ஒவ்வொருவரும் தனித்துத் தெரிய வேண்டும் என்பது லட்சியம். கோவில்பட்டியில் குருவின் கையும் மாணவன் கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பது லட்சியம். கலை வரலாறு முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதியது, இரண்டாவதற்கு அடிக்குறிப்பு கொடுத்தது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. தமிழ் வீடுகளில் மிக அதிகமான கண்கள் மிக அதிகமான நேரம் பார்த்த ஓவியங்கள் எந்தப் பட்டறையிலிருந்து வந்தன என்று கேட்டால் பதில் கோவில்பட்டிதான்.

தாளமானம்

ஒரு இடத்தில் மட்டும் கருத்து வேறுபடுகிறேன். கை ஒன்றாகத் தெரிவது பட்டறைக்குப் பலம், ஆனால் தலைமுறை மாறும்போது அதுவே பலவீனம். குரு ஓவியப் பள்ளியில் ஆளை நிறுத்தி வரைந்து, பிறகு மூட்டைக் கரைத்தார். மாணவர்களின் மாணவர்கள் கரைத்த மூட்டையே பார்த்து வரைந்தார்கள். நகலின் நகலில் முழங்கை எங்கே மடங்குகிறது என்பதே தொலைந்துவிடும். பிற்காலத்து மலிவான சாமி படங்களில் கை ரப்பர் குழாய் மாதிரி வளைவதற்கு அதுதான் காரணம். சுப்பையா, ராமலிங்கம் தலைமுறையில் அது இல்லை. அவர்கள் போட்டோ வேலையில் நிஜ முகத்தையும் நிஜக் கையையும் தினமும் பார்த்தவர்கள்.

நெகட்டிவ்

சரியான கணிப்பு. கலர் பிலிம் வந்து டச்சிங் மேசை காலியான பிறகு, அந்தப் பயிற்சிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

கண்ணாடிச்சட்டம்

பழைய பிரிண்ட் வைத்திருப்பவர்களுக்காக நடைமுறைச் செய்தி சில. இது பழைய காலத்து அச்சா, பிற்பாடு ஸ்கேன் பண்ணி எடுத்த மறு அச்சா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். கையால் புள்ளி வைத்த கல்லச்சு (கல்லில் வரைந்து எடுக்கிற லித்தோ அச்சு) என்றால் புள்ளிகள் மணல் தூவிய மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். ஸ்கிரீன் வழி ஆப்செட் என்றால் நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து குட்டிக் குட்டி ரோஜாப்பூ வட்டமாகத் தெரியும். மறு அச்சில் அந்த ரோஜாப்பூவுக்கு மேல் இன்னொரு புள்ளி வரிசை ஏறி, அலை அலையாகக் கோலம் போட்டிருக்கும். கையெழுத்தின் விளிம்பையும் பாருங்கள். மறு அச்சில் அது பிசிறடித்திருக்கும். அடி ஓரத்தில் அச்சகப் பெயரும் படத்தின் எண்ணும் இருந்தால் அந்த ஓரத்தை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். சட்டத்துக்குள் அடக்க வெட்டி எறிந்த ஓரத்தோடு எத்தனையோ படங்களின் காலக்கணக்கு போய்விட்டது.

அடவு

படம் நீலம் பாய்ந்து போயிருந்தால்? சிவப்பெல்லாம் காணவில்லை என்றால்?

கல்லச்சு

வெளிச்சத்தில் முதலில் ஓடிப்போவது மஞ்சளும் சிவப்பும்தான். நீலமும் கறுப்பும் நிற்கும். போன மையைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. மேலே வண்ணம் தீட்டிச் சரிசெய்ய முயன்றால் இருப்பதும் கெடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து கழற்றி இருட்டான சுவருக்கு மாற்றுங்கள், குழல் விளக்கின் நேர்கீழே மாட்டாதீர்கள். இருக்கிற நிறமாவது தங்கும்.

கண்ணாடிச்சட்டம்

தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். ஈரத்தில் மைப்பரப்பு கண்ணாடியோடு பிடித்திருக்கும், இழுத்தால் முகம் உரிந்துவரும். ஒட்டியிருக்கும் கண்ணாடியோடு சேர்த்தே நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி.

ஒட்டாமல் இருந்தால் பின்பலகையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பழைய அட்டையும் மைதாப் பசையும் இருக்கும். பசை வெள்ளிப்பூச்சியை இழுக்கும், அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அட்டையைத் தாளிலிருந்து பிய்க்க வேண்டாம். தளர்வாக இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, அமிலமில்லாத அட்டையை வையுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வருமாறு ஓரத்தில் மவுண்ட் பட்டை கொடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது.

குங்குமமும் சந்தனமும் கண்ணாடியின் மேல் இருந்தால் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், சட்டத்தின் கீழ் விளிம்பில் இறங்கி, கடைப்பெயரும் கையெழுத்தும் இருக்கிற ஓரத்தைத்தான் முதலில் நனைக்கும்.

செங்காவி

வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை மட்டும் போட்டோ எடுக்காமல், கையெழுத்தையும் அடி ஓரத்தையும் தனித்தனியாக, லென்ஸ் வைத்து எடுத்து இந்த இழையில் போடுங்கள். யார் பெயர், எந்த அச்சகம், எந்த ஆண்டுக் காலண்டர் என்ற மூன்றும் இருந்தால் போதும். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் பெயர்களில் வருபவற்றை முதலில் அடுக்குவோம். குருவின் பெயர் சேர்ந்து வருவது எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.